பெருநாள் இரவும் ஒரு பழைய படமும்

கிறிஸ்துமஸ் என்றதும் சிலருக்கு நள்ளிரவுத் திருப்பலியின் மணியோசை நினைவுக்கு வரும். சிலருக்கு வைக்கோல் பரப்பிய பாலன் குடிலும் வாசலில் தொங்கும் காகித விண்மீனும் நினைவுக்கு வரும். குழந்தைகளுக்கோ புத்தாடையும் அச்சு முறுக்குமே பெருநாள். கிள்ளானில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தாருக்கு மட்டும், இவை யாவற்றுக்கும் முன்பாக ஒரு பழைய ஆங்கிலத் திரைப்படம் கண்முன் வந்து நிற்கும். கறுப்பு வெள்ளைப் படம். பனி கொட்டும் ஓர் அமெரிக்கச் சிற்றூர். அங்கே ஒரு பாலத்தின்மேல் நின்று ஆற்று நீரை வெறித்துப் பார்க்கும் நெடிய மனிதன் ஒருவன். 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்பது அப்படத்தின் பெயர். 'வாழ்வு எத்துணை இனியது' என்று அவ்வீட்டுத் தலைவர் அதற்குத் தமிழ்ப் பெயர் சூட்டியிருந்தார்.

பெருநாளன்று வீட்டார் ஒன்றாய் அமர்ந்து ஒரே படத்தை ஆண்டுதோறும் பார்ப்பது அக்குடும்பத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. சுவீடன் நாட்டில் 1960ஆம் ஆண்டு தொடங்கி, டிசம்பர் 24ஆம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு டொனால்டு வாத்து தோன்றும் கேலிச் சித்திர நிகழ்ச்சி ஒளிபரப்பாகி வருகிறது. அந்த நேரத்தை ஒட்டியே பல வீடுகளில் விருந்தின் வேளை குறிக்கப்படுகிறது. நார்வே நாட்டவர் 1973இல் உருவான ஒரு செக் நாட்டு சிண்டிரெல்லா படத்தைக் கண்டபிறகே பெருநாள் பிறந்ததாகக் கொள்வர். போலந்து நாட்டிலோ, பெற்றோர் மறந்துவிட்டுப் போன சிறுவன் திருடர்களை அலைக்கழிக்கும் 'ஹோம் அலோன்' படம் பெருநாள் விருந்தின் ஒரு பண்டம்போலவே ஆகிவிட்டது. கதை தெரியும், முடிவு தெரியும், எந்த இடத்தில் யார் சிரிப்பார் என்பதும் தெரியும். தெரிந்ததை மீண்டும் காண்பதிலேதான் அதன் இன்பம் அடங்கியிருக்கிறது. ஆண்டுதோறும் அதே குடிலை அதே மூலையில் கட்டுவதைப் போன்றதுதான் இதுவும்.

கிள்ளான் குடும்பத்தார் பார்த்த படத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் ஒரு சிறுகதை எழுதினார். அதை வெளியிட எவரும் முன்வரவில்லை. 1943ஆம் ஆண்டு அவரே அதை 200 படிகள் அச்சிட்டு, வாழ்த்து மடலாக நண்பர்களுக்கு அனுப்பிவைத்தார். அந்த மடல் ஹாலிவுட்டை எட்டி, கைமாறி, இயக்குநர் ஃபிராங்க் காப்ராவிடம் வந்து சேர்ந்தது. போர்ப் பணியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த காப்ரா, குண்டுவீச்சு விமானியாகப் போரில் பறந்துவிட்டு வந்திருந்த நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைத் தலைமைப் பாத்திரமாக்கி, 1946ஆம் ஆண்டு கோடையில் கலிபோர்னியாவில் அதைப் படமாக்கினார். படத்தில் கொட்டுகின்ற பனி, வெயில் காய்ந்த நாள்களில் உண்டாக்கப்பட்ட பனியாகும். அதற்கு முன்பெல்லாம் வெண்ணிறம் பூசிய சோள அவலைத் தூவிப் பனியென்று காட்டுவார்கள். நடப்பவரின் காலடியில் அது நொறுங்கி ஓசை எழுப்பும். காப்ராவின் கலைஞர்கள் தீயணைப்பு நுரையோடு சோப்பும் நீரும் கலந்து, காற்றாடியால் ஊதி, ஓசையற்ற பனியைப் பொழியச் செய்தனர். அந்த உத்திக்கு ஆஸ்கார் கழகத்தின் தொழில்நுட்பப் பரிசும் கிடைத்தது.

1946 டிசம்பர் 20ஆம் நாள் நியூயார்க்கில் திரையிடப்பட்ட படம், செலவிட்ட முதலை அந்நாளில் ஈட்டித் தரவில்லை. ஐந்து பிரிவுகளில் ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டு ஐந்திலும் தோற்றது. 28 ஆண்டுகள் கழித்து, 1974ஆம் ஆண்டில் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்க உரியவர்கள் தவறிவிட்டனர். அந்தத் தவறே படத்துக்கு வாழ்வளித்தது எனலாம். கட்டணம் கேட்பார் இல்லாததால் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் அதை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பின. மூலக்கதையின் உரிமையைக் காட்டி 1993இல் ஒரு நிறுவனம் தடை கோரும் வரையில், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது ஊர்ப் பொதுக் கிணறாக இருந்தது. அக்காலத்திலேயே வீடுதோறும் அது பெருநாட் படமாயிற்று.

அந்தக் கிணற்றின் ஒரு குவளை நீர் கிள்ளானுக்கு வந்தது 1982ஆம் ஆண்டில். ஈப்போவில் ஆசிரியராக இருந்த தம்பி, நண்பர் ஒருவரிடமிருந்து படியெடுத்த ஒளிநாடாவை அண்ணனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் தோட்டத்தில் கிராணியாகப் பணியாற்றியவர். ஊரில் யாவரும் அவரைக் கிராணியார் என்றே அழைத்தனர். வீடியோ கருவி அப்போது அவர் வீட்டில் இல்லை. தெங்கு கிளானா சாலைக் கடையொன்றில் ஓர் இரவுக்கு வாடகை பேசி, தலையணை உறைக்குள் பொதிந்து எடுத்து வந்தார்கள். தீபாவளிக்கு அண்டை வீட்டில் சிவாஜி படம் ஓடும். பெருநாளன்று இவர்கள் வீட்டில் இது ஓடும். ரஜினி படம் வேண்டுமென்று பிள்ளைகள் முதலாண்டில் முணுமுணுத்ததும் உண்டு. மூன்றாம் ஆண்டில் கருவியை எடுத்துவர அவர்களே முந்திக்கொண்டனர்.

படத்தின் கதை கிராணியாருக்கு ஏன் அத்தனை பிடித்தது என்பதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. படத்தின் நாயகனான ஜார்ஜ் பெய்லி உலகைச் சுற்றிப் பார்க்க விரும்பியவன். புறப்படும் வேளையில் தந்தை இறக்கிறார். ஏழைகள் வீடு கட்டக் கடன் கொடுக்கும் சிறு சங்கத்தைத் தந்தைக்குப் பிறகு அவன் ஏற்று நடத்த வேண்டியதாகிறது. தான் சேர்த்து வைத்த பணத்தில் தம்பியைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, அவன் ஊரிலேயே தங்கிவிடுகிறான். கிராணியார் 1950ஆம் ஆண்டு சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறியவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியிருந்தது. அங்கே பயில வேண்டுமென்று விண்ணப்பத் தாளையும் வாங்கி வைத்திருந்தார். 1951இல் பால்மரம் வெட்டப் போன தந்தை, காய்ச்சலோடு திரும்பி நான்கே நாளில் கண்மூடினார். தாயும் இரண்டு தங்கைகளும் ஒரு தம்பியும் அவர் கையில் இருந்தனர். விண்ணப்பத் தாள் பெட்டியடியில் கிடந்தது. அவர் தோட்ட அலுவலகத்தில் பேரேடு எழுதப் போனார்.

தம்பி படித்தார். 1955ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் லிவர்பூல் நகரையடுத்த கெர்க்பியில் மலாயா ஆசிரியர்களுக்கென நடந்துவந்த பயிற்சிக் கல்லூரிக்கு அவர் தெரிந்தெடுக்கப்பட்டார். அங்கிருந்து எழுதிய முதல் கிறிஸ்துமஸ் மடலில், பனி பெய்ததைக் குறித்து மட்டும் இரண்டு பக்கங்கள் எழுதியிருந்தார். அம்மடலைக் கிராணியார் தம் வழிபாட்டு நூலுக்குள் வைத்திருந்தார். தம் வாழ்நாளில் அவர் பனியைக் கண்டதில்லை. திரையில் கண்ட பனியும் சோப்பு நுரையே என்று பின்னாளில் ஒரு மகன் படித்துச் சொன்னபோது, "இருக்கட்டும்; தம்பி பார்த்தது உண்மைப் பனிதானே?" என்று மறுமொழி தந்தார்.

கிராணியாரின் துணைவியாருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆதலால் படம் ஓடும்போது கிராணியார் உரையாசிரியராக மாறிவிடுவார். ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் விளக்கம் உண்டு. சங்கத்தை விழுங்கக் காத்திருக்கும் பணமுதலையான பாட்டர் பேசும்போது அவர் குரல் கரகரக்கும். நாயகனைக் காக்க வரும் வயது முதிர்ந்த தேவதூதர் பேசும்போது பங்குக் குருவின் குரல்போல் இழுத்துப் பேசுவார். பிள்ளைகள் படத்துக்குச் சிரித்ததைவிடத் தந்தையின் உரைக்குச் சிரித்ததே மிகுதி. சங்கத்தின் 8,000 டாலர் தவறிப்போய்ப் பாட்டரின் கைக்குள் அகப்படுகிறது; அவன் அதைத் திருப்பித் தருவதே இல்லை; படத்தின் முடிவிலும் அவனுக்குத் தண்டனை கிடையாது. "அவனை ஏன் போலீஸ் பிடிக்கவில்லை?" என்று கடைக்குட்டி ஆண்டுதோறும் கேட்பான். "பெருநாள் இரவில் அவன் வீட்டுக்கு யாரும் வரவில்லை, பார்த்தாயா? அது போதாதா?" என்று கிராணியாரும் ஆண்டுதோறும் சொல்வார்.

ஆயினும் ஒன்றை மூத்த மகள் கவனித்து வைத்திருந்தாள். படத்தின் இறுதிக் காட்சியில், காணாமற்போன பணத்தை ஈடுகட்ட ஊரார் திரண்டு வந்து, கூடையிலும் சட்டைப் பையிலும் கொணர்ந்த காசுகளை நாயகனின் மேசைமேல் கொட்டுவார்கள். அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் கிராணியார் எழுந்துவிடுவார். வாசற்கதவைத் தாழிட வேண்டும் என்பார். நாய்க்குச் சோறு வைக்கவில்லை என்பார். அந்தக் காட்சியை அவர் அமர்ந்து பார்த்ததும் இல்லை, அதற்கு உரை சொன்னதும் இல்லை.

1985ஆம் ஆண்டு அவருக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்தது. ஊழியர் சேமநிதி கைக்கு வந்தது. ஈயத்தின் விலை வீழ்ந்து, நாட்டின் பொருளாதாரம் சுருங்கி, வேலைகள் குறைந்துகொண்டிருந்த காலம் அது. வங்கியைவிடக் கூடுதல் வட்டி தருவதாகச் சொன்ன ஒரு கூட்டுறவுக் கழகத்தில் 22,000 வெள்ளியை அவர் வைப்பாகப் போட்டார். மூத்த மகளின் திருமணத்துக்கும் தம் முதுமைக்கும் அதுவே முதல். 1986ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வைப்புப் பெறும் 24 கூட்டுறவுக் கழகங்களின் நடவடிக்கைகள் முடக்கப்பட்டன. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு, ஏறத்தாழ 150 கோடி வெள்ளி, எடுக்க முடியாமல் நின்றது. கிராணியார் காலையில் குடையை எடுத்துக்கொண்டு புறப்படுவார். பூட்டிய கதவின்முன் நிற்கும் கூட்டத்தோடு நிற்பார். நண்பகலில் வீடு திரும்பி, நூலகம் சென்று வந்ததாகச் சொல்வார். நான்கு மாதங்கள் இப்படியே கழிந்தன. திருமணமோ, தவக்காலம் தொடங்குமுன் பிப்ரவரியில் நடப்பதாக உறுதியாகியிருந்தது.

அவ்வாண்டுப் பெருநாள் இரவிலும் படம் போடப்பட்டது. வழக்கம்போல் உரை தொடங்கியது. நாயகன் மணமுடித்து, தேனிலவுக்குப் புறப்படும் கட்டம் வந்தது. ஊர் வங்கி ஆட்டங்காணுகிறது. சங்கத்தின் வாசலில் மக்கள் அலைமோதித் தம் வைப்பைக் கேட்கின்றனர். பணம் பெட்டியில் இல்லை, ஒருவர் போட்டது மற்றவரின் வீடாக நிற்கிறது என்று நாயகன் அவர்களுக்கு எடுத்துச் சொல்கிறான். அந்த இடத்தில் கிராணியாரின் குரல் நின்றது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தனர். அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார், வாய் திறக்கவில்லை.

சற்று நேரத்தில் வேறொரு குரல் உரையைத் தொடர்ந்தது. நான்கு ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு மனத்தில் பதிந்திருந்ததை அவர் துணைவியாரே சொல்லத் தொடங்கினார். "இந்த ஆள் முழுப் பணமும் வேண்டும் என்பான். இருநூற்று நாற்பத்திரண்டு. கொடுத்துவிடுவார். அடுத்து வருபவர்கள் இருபது போதும் என்பார்கள். அதோ, அந்த வயதான அம்மாவைப் பாருங்கள். பதினேழரை வெள்ளி போதும் என்று கேட்பார்." படத்தில் அந்த அம்மாள் கேட்டது பதினேழு டாலர் ஐம்பது காசு. அவர் அதை வெள்ளியாக்கிக்கொண்டார். தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரும் இப்படியே கரைந்து, கடையடைக்கும் நேரத்தில் இரண்டே டாலர் எஞ்சும். அதுவரையில் ஓரிடமும் பிசகாமல் சொல்லி முடித்துவிட்டு, அதே குரலில் அவர் கேட்டார்: "என்னங்க, நீங்கள் எவ்வளவு போட்டு வைத்திருந்தீர்கள்?"

கிராணியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தொகையைச் சொன்னார். "உனக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டார்.

"ஆகஸ்டு மாதத்திலேயே தெரியும். கோயிலில் சொன்னார்கள். நீங்களாகவே சொல்வீர்கள் என்று இருந்துவிட்டேன்."

மூத்த மகள் எழுந்து போய்க் கருவியை நிறுத்தினாள். "அப்பா, ஹோட்டல் மண்டபம் வேண்டாம். பங்கு மண்டபமே போதும். சமையலையும் நாமே பார்த்துக்கொள்வோம்," என்றாள். தாயார் உள்ளே சென்று ஒரு பிஸ்கட்டுத் தகரத்தைக் கொண்டுவந்து வைத்தார். தையல் வேலையிலும் சீட்டிலும் மிச்சம் பிடித்த 1,740 வெள்ளி அதில் இருந்தது. அந்த ஆண்டு படம் பாதியிலேயே நின்றது.

மறுநாள் ஈப்போவிலிருந்து தம்பி குடும்பத்தோடு வந்தார். அண்ணியார் அவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டார். உண்டு முடித்தபின் தம்பி தம் பையிலிருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து அண்ணன்முன் வைத்தார். 1951ஆம் ஆண்டு முதல் கெர்க்பிக்குப் புறப்பட்ட நாள்வரை அண்ணன் தமக்குச் செலவிட்ட ஒவ்வொரு வெள்ளியும் நாள் குறித்து எழுதப்பட்டிருந்தது. பள்ளிக் கட்டணம், காலணி, சைக்கிள் டயர், கப்பலேறும் நாளில் கையில் திணித்த 40 வெள்ளி. மொத்தம் 3,860 வெள்ளி.

"நான் கணக்குக் கேட்டேனா?" என்றார் கிராணியார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"நீங்கள் கேட்கவில்லை, அண்ணே. நான்தான் எழுதி வைத்தேன். இது கடனைத் திருப்பித் தருவதாகாது. அதை எந்தக் காலத்திலும் என்னால் தீர்க்க முடியாது. பிள்ளையின் கல்யாணத்துக்குச் சித்தப்பன் செய்வதை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்கத் தெரிந்த உங்களுக்கு வாங்கத் தெரியாமல் போய்விடக் கூடாது."

வாழ்நாளெல்லாம் கொடுத்தே பழகிய கை, வாங்குவதற்காக நீள்வது எளிதன்று. கிராணியார் எழுந்து சென்று வாசற்கதவைத் திறந்துகொண்டு வெளியே நின்றார். நாய்க்குச் சோறு வைக்கப் போகவில்லை. கதவைத் தாழிடவும் போகவில்லை. வெறுமனே நின்றார். பின்பு திரும்பி வந்து, பணத்தை எண்ணாமலே வாங்கித் துணைவியாரிடம் கொடுத்தார். அன்று அவர் தம்பியின் தோளில் கைவைத்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்ததை வீட்டிலுள்ள யாவரும் கண்டனர்.

படத்தில் நிகழ்வதுபோல் அங்கே அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. 22,000 வெள்ளியை ஒரே இரவில் யாரும் மேசைமேல் கொட்டவில்லை. பிப்ரவரியில் பங்கு மண்டபத்தில் திருமணம் நடந்தது. தங்கைமார் இருவரும் அரிசியும் ஆட்டிறைச்சியும் ஏற்றுக்கொண்டனர். வைப்புத் தொகையோ அரசு வகுத்த மீட்புத் திட்டத்தின் வழியே சிறுகச் சிறுகத் தவணைகளாக வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரையில் கிராணியார் ஒரு கடையில் கணக்கு எழுதினார்.

1987ஆம் ஆண்டுப் பெருநாள் இரவில் மீண்டும் அந்த ஒளிநாடா சுழன்றது. இறுதிக் காட்சி வந்தது. ஊரார் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகின்றனர். மேசைமேல் காசு குவிகிறது. நாயகன் ஒரு சொல்லும் பேச இயலாமல், மகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். பிள்ளைகள் யாவரும் திரையை விட்டுத் தந்தையையே பார்த்தனர். அவர் எழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் காட்சிக்கு முதன்முறையாக உரை சொன்னார். அது மிகச் சிறிய உரை. "வாங்கிக்கொள்கிறான்," என்றார்.

கிராணியார் 1998ஆம் ஆண்டு மறைந்தார். அவருக்குப் பிறகு துணைவியாரே உரையாசிரியர் ஆனார். அவர் உரை சொன்னது ஆங்கிலம் அறியாதவர்களுக்காக அன்று. ஆங்கிலம் நன்கறிந்து, தமிழில் தடுமாறிய பேரப்பிள்ளைகளுக்காக. பாட்டருக்குரிய கரகரப்பும் தேவதூதருக்குரிய இழுவையும் கிராணியாரிடமிருந்து வந்த அப்படியே இருந்தன. பேரப்பிள்ளைகள் கற்ற தமிழில் ஒரு பங்கு, அந்தப் பழைய அமெரிக்கப் படத்தின் வழியே கற்றதாகும். ஒளிநாடா பூஞ்சை படிந்து போயிற்று. அதன் இடத்தில் வட்டு வந்தது. வட்டும் போய் இன்று கைப்பேசியிலிருந்தே படம் சுவரளவு திரைக்குத் தாவுகிறது. 2015ஆம் ஆண்டு பாட்டியாரும் மறைந்தபின், கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் பிரிந்து வாழும் பேரப்பிள்ளைகள் அந்த இரவில் ஓரிடத்தில் கூடுகின்றனர். வங்கிக் கட்டம் வந்ததும் ஒலியைக் குறைத்துவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் தமிழில் உரை சொல்கின்றனர்.

அக்குடும்பத்தில் இன்று ஒரு சொல் வழக்கில் உள்ளது. விருந்தில் கடைசித் துண்டைப் பங்கிடும்போதும், மருத்துவச் செலவுக்கு ஆளுக்கு இவ்வளவென்று பேசும்போதும், தம் தேவைக்கு மேல் கேளாமல் பிறருக்கும் விட்டுவைப்பவரைப் 'பதினேழரை வெள்ளி' என்று அழைப்பார்கள். புதிதாக மணமுடித்து வரும் மருமக்களுக்கு அதன் பொருள் விளங்குவதில்லை. "டிசம்பர் வரட்டும், தெரியும்," என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது.